மாதேஸ்வரிக்கு ராத்திரி காலையில் வரும்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை தேடி நான் எங்கும் போகவில்லை. செருப்பு வைக்க இடம் தேடிப் போனேன்.

புதுச் செருப்பு. கல்யாண மண்டப வாசலில் விட்ட புதுச் செருப்பு திரும்பக் கிடைக்கும் என்று நம்புகிற ஆள் இல்லை நான். மைசூர் குவெம்புநகரில் ஒரு சௌல்ட்ரி. பெண்ணின் அப்பா கிருஷ்ணராஜ் என் பக்கத்து வீட்டுக்காரர். அந்த உரிமையில் மாடி ஏறி, பெண் வீட்டாரின் அறை என்று நினைத்து ஒரு கதவைத் தள்ளினேன். அது மாப்பிள்ளை வீட்டாருடையது. உள்ளே அரக்குப் பட்டுப்புடவை கட்டி, தலை கொள்ளாமல் மல்லிகை வைத்த ஒரு பெண்மணி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பில் ஒரு சாம்பல் நிறப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது இருக்கும்.

"கதவச் சாத்துங்க சார், ஸ்கிரீன்ல வெளிச்சம் அடிக்குது."

சாத்தினேன். வெளியே போய்ச் சாத்தியிருக்க வேண்டும். உள்ளே நின்றபடி சாத்திவிட்டேன். கையில் செருப்பு. ஏதாவது பேசியாக வேண்டும் என்பதற்காக, "என்னங்க பாக்கறீங்க?" என்றேன்.

"ஒரு கேலக்ஸி. ஆயிரம் கோடி வருசத்துக்கு முந்திக் கெளம்புன வெளிச்சம். செருப்பக் கட்டிலுக்கு அடியில போட்டுக்கங்க."

இரண்டு விஷயத்தையும் ஒரே குரலில் சொன்னார். அந்தக் குரலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எழுத உட்கார்ந்து நான்கைந்து தொடக்கங்களைக் கெடுத்தேன். ஒன்றிரண்டை மறைக்காமல் காட்டுகிறேன்.

*நள்ளிரவு. மொட்டைமாடியில் தன்னந்தனியாக நின்று, விண்மீன்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள் மாதேஸ்வரி. அவள் கண்களில்—*

[அடித்துவிட்டேன். காரணம் கீழே.]

*சிறுவயதில் ஹனூரில், வயல்வெளியில் படுத்து வானத்தைப் பார்த்தபோதே அவளுக்குள் ஒரு கேள்வி—*

[இதையும்.]

இரண்டையும் அவரிடமே கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து, குக்கரஹள்ளிக் கெரை என்கிற ஏரியைச் சுற்றி சாயங்காலம் நடக்கிறவர்களில் அவரும் ஒருவர் என்று தெரிந்தது. கரையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். படித்துவிட்டு, கோபமில்லாமல், நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்.

"என்னைய எதுக்கு சார் நடு ராத்திரில மொட்டை மாடில நிக்க வெச்சிருக்கீங்க? நான் ஒம்போது மணிக்கெல்லாம் தூங்கிருவேன்."

"நீங்கள் வானியலாளர் இல்லையா?"

"ஆமா. எனக்கு ராத்திரி காலையிலதான் வரும்."

விஷயம் இதுதான். அவர் பயன்படுத்தும் தொலைநோக்கி சிலி நாட்டின் ஒரு மலையுச்சியில் இருக்கிறது. அங்கே இருட்டினால் இங்கே விடியும். அங்கே நடுநிசி என்றால் இங்கே ஆபீஸ் போகிற பஸ்கள் நிரம்பி வழிகிற நேரம். இங்கிருந்தே இணையம் வழியாகப் பார்த்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லலாம். அங்கே தொலைநோக்கியை இயக்குகிறவர் அந்தப் பக்கம் திருப்புவார். ஆகவே மாதேஸ்வரி குளித்து, டிபன் சாப்பிட்டு, வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிப் போய் ராத்திரியில் உட்காருவார்.

"வயல்ல படுத்து வானத்தப் பாத்ததும் கெடையாது. பாம்பு இருக்கும்," என்றார். "எனக்கு அப்பக் கணக்குதான் புடிக்கும். எம்எஸ்ஸியில ஒரு படம் போட்டுக் காட்டுனாங்க. ஒரு கேலக்ஸி நல்லா நீலமா இருந்துச்சு, இன்னொண்ணு மஞ்சளா. நீலத்துல புது நட்சத்திரம் பொறந்துட்டே இருக்குது, மஞ்சள்ல நின்னு போச்சுன்னாங்க. ஏன் நின்னுதுன்னு கேட்டேன். வாத்தியார் அடுத்த படத்தப் போட்டுட்டாரு."

சரி, இதிலிருந்து நேராகவே சொல்லிவிடலாம்.

3

மாதேஸ்வரி ஹனூர்ப் பக்கத்தில் மஞ்சளும் மக்காச்சோளமும் போடுகிற ஜடையன், ரங்கம்மா தம்பதியின் மூத்த மகள். வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம், ஆராய்ச்சி எழுதுவது ஆங்கிலம். பெங்களூரில் முனைவர் பட்டம், பிறகு சில வருஷம் ஜெர்மனி, பிறகு மைசூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. [இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கான காரணங்களை நானே கற்பனை செய்து. "காரணம் ஒண்ணுமில்ல, அமையல, அப்பறம் தேடல" என்றார். பத்தியை எடுத்துவிட்டேன்.]

வாத்தியார் பதில் சொல்லாத கேள்விதான் அவர் வேலையாக ஆனது. கேலக்ஸி, அதாவது விண்மீன் திரள், கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டம். அதில் இருக்கும் வாயு குளிர்ந்து, கட்டியாகித் திரண்டு, புது விண்மீன்கள் பிறக்கும். சில திரள்கள் இளமையிலேயே அதை நிறுத்திவிடுகின்றன. ஏன்? நடுவில் இருக்கிற ராட்சதக் கருந்துளை கக்குகிற ஆற்றல் வாயுவை வெளியே ஊதித் தள்ளிவிடுகிறது என்பது ஒரு கட்சி. ஊதவெல்லாம் இல்லை, புது வாயு வந்து சேராமல், இருந்ததும் தீர்ந்துபோய்விட்டது என்பது இன்னொரு கட்சி. மாதேஸ்வரி இரண்டாவது கட்சி. பட்டம் வாங்கும்போதே, ஒரு குறிப்பிட்ட திரளைக் காட்டி அப்படித்தான் எழுதினார். அவர் பெயர் வெளியே தெரிந்தது அந்தக் கட்டுரையால். ஜெர்மனி கிடைத்ததும் அதனால், மைசூர் வேலையும் அதனால்.

ஆனால் அது ஊகம்தான். நிரூபிக்க அந்தத் திரளின் வெளிச்சத்தை சிலியில் இருப்பதிலேயே பெரிய தொலைநோக்கியில் மணிக்கணக்காக வாங்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. மறுபடி விண்ணப்பித்தார். உலகமே அந்த வரிசையில் நிற்கிறது. வருஷங்கள் போயின. கடைசியில் ஒரே ஒரு இரவு ஒதுக்கி மின்னஞ்சல் வந்தது.

அதைப் படித்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தார். வைகாசியில், அதே நாள்தான் அவர் தம்பி பிரசாந்தின் கல்யாணம்.

4

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கதைக்கு வேண்டியது இதுதானே: இரண்டு பக்கமும் இழுபறி, கண்ணீர், வீட்டில் கூச்சல். எழுதத் தயாராகத்தான் இருந்தேன். நடந்ததோ வேறு.

கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர்* என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் இல்லாமல் அது நடக்காது. முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால், காலையில். அதாவது அந்தத் திரள் சிலியில் உச்சிக்கு வருகிற நேரம்.

(*கூறைச்சேலையின் ஒரு தலைப்பை மாப்பிள்ளையின் கக்கத்தில் வைத்து, மறு தலைப்பை அக்காவோ தங்கையோ கையில் பிடித்து நிற்பாள். சீர் நடத்தும் பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். அவர் முடிக்கும்வரை விடக்கூடாது. நான் இதை அன்றுதான் முதலில் பார்த்தேன். தவறு இருந்தால் கொங்கு வாசகர்கள் மன்னிக்கவும்.)

"தேதிய மாத்த முடியாதா கண்ணு?" என்று ரங்கம்மா போனில் கேட்டார்.

"எந்தத் தேதியம்மா?"

"உன்றதுதான். இங்க பத்திரிகை அடிச்சாச்சு."

"என்றதையும் மாத்த முடியாதும்மா. விட்டா மறுபடி எப்பக் கெடைக்கும்னு தெரியாது."

ரங்கம்மா திட்டவில்லை. பெரியப்பா மகள் வினிதா இருக்கிறாள், முறைக்கு அவளை நிற்கவைக்கலாம் என்றார். இந்தப் பக்கம் மாதேஸ்வரியின் சக ஆராய்ச்சியாளர் மதன், "நீங்க கல்யாணத்துக்குப் போங்க மேடம், அன்னைக்கு நான் உக்காந்து பாத்துக்கறேன்" என்றார். இரண்டு இடத்துக்கும் மாற்று ஆள் தயார். எல்லாரும் இப்படி நல்லவர்களாக இருந்தால் கதை எழுதுகிறவன் என்ன செய்வது?

ஆனால் மாதேஸ்வரி அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. வினிதா கையில் சேலைத் தலைப்பை நினைத்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. தன் நாற்காலியில் மதனை நினைத்துப் பார்த்தார், அதுவும் பிடிக்கவில்லை.

"மதன் நல்லாப் பாப்பாரு. என்னைய விட நிதானம்," என்று பிறகு என்னிடம் சொன்னார். "ஆனா எனக்கே பாக்கோணும்னு ஆசையா இருந்துச்சு. நியாயமெல்லாம் இல்லீங்க. ஆசை."

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார். பிரசாந்த் கொள்ளேகாலில் பட்டு நூல் வியாபாரம் செய்கிறவன். அக்காவின் வேலை என்ன என்று அவனைக் கேட்டால், "பழைய வெளிச்சம்" என்பான். கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அக்கா, சேலையோட அந்தப் பக்கம் வினிதாக்கா நின்னா என்ற கல்யாணம் நடக்கும். நடக்காதுன்னு சொல்லல. ஆனா நான் உன்னையத் தேடிட்டு நிப்பேன். போட்டோ பூரா அப்படித்தான் விழும்."

"அப்ப அந்த ராத்திரிய விட்டர்றேன்."

"எதுக்கு விடறே? அங்கிருந்துதான் பாக்கோணும்னு இருக்குதா? லேப்டாப்பத் தூக்கிட்டு மண்டபத்துக்கு வா."

அவருக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த நாள் மணப்பெண் சுசித்ரா பேசினாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள்; தமிழ் நடுவில் கன்னடம் தானாக வந்து உட்காரும்.

"அக்கா, மேலே ஒரு ரூம் நிமகேனே, உங்களுக்குத்தான். சௌல்ட்ரி மேனேஜர்கிட்ட வைஃபை ஸ்ட்ராங்கா வேணும்னு சொல்லிட்டேன். அவுரு லைவ் டெலிகாஸ்ட்டுக்கான்னு கேட்டாரு. ஹௌது, ஆமா, ஸ்டார்ஸ் எல்லாம் வர்றாங்கன்னு சொன்னேன். யாரோ ஆக்டர் வரப்போறாருன்னு நெனச்சு ரூமுக்கு புது பெட்ஷீட் போடறேன்னிருக்காரு."

5

ஆக, நான் செருப்போடு நுழைந்தது அந்த அறைக்குள்தான். அன்று காலை நடந்ததைக் கொஞ்சம் நானே பார்த்தேன்; மிச்சத்தை அவரிடமும் ரங்கம்மாவிடமும் கேட்டு வாங்கினேன்.

விடிகாலையிலிருந்து எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சிலியில் தொலைநோக்கியை இயக்கியவர் பவுலா என்ற பெண்மணி. திரையின் ஓரத்தில் சின்னப் பெட்டிக்குள் அவர் முகம். கீழே நாதஸ்வரம் தொடங்கியதும் பவுலா காதில் மாட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அது என்ன சத்தம்?"

"என் தம்பிக்குக் கல்யாணம்."

"எப்போது?"

"இப்போது."

பவுலா சிரித்து முடிப்பதற்குள் கீழேயிருந்து அழைப்பு வந்துவிட்டது. வெளிச்சம் வாங்குவது தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அம்மாவை உட்காரவைத்து, "இந்தம்மா ஏதாச்சும் பேசுனா மட்டும் என்னையக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு மாதேஸ்வரி இறங்கினார். ரங்கம்மாவும் பவுலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "நல்ல புள்ளை. தூக்கக் கலக்கமா இருந்துச்சு, பாவம்," என்றார் ரங்கம்மா பிறகு.

மேடையில் இணைச்சீர் பாதி நடந்துகொண்டிருக்கிறது. பிரசாந்தின் கக்கத்தில் ஒரு தலைப்பு, மாதேஸ்வரி கையில் மறு தலைப்பு. நான் மூன்றாவது வரிசையில். அப்போதுதான் அந்தக் காட்சி. ரங்கம்மா, மாப்பிள்ளையின் அம்மா, திறந்த லேப்டாப்பை இரண்டு கையிலும் சீர்த்தட்டு ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வருகிறார். சீர் வரிசையில் இது ஒன்று போலிருக்கிறது என்று நினைத்து இரண்டு பேர் வழிவிட்டு எழுந்து நின்றார்கள்.

"மாதேசு, இந்தப் புள்ளை என்னமோ சொல்லுது. கையக் கைய ஆட்டுது."

அருமைக்காரர் நிறுத்திவிட்டார். நாதஸ்வரக்காரரும் என்னவென்று தெரியாமல் நிறுத்தினார். மண்டபமே பவுலாவின் குரலைக் கேட்டது. மலையின் மேல் மெல்லிய மேகம் வந்துவிட்டது. வெளிச்சம் பாதியாகக் குறைந்துவிட்டது. காத்திருக்கலாமா, அல்லது மேகம் இல்லாத பக்கம் திருப்பி வேறு எதையாவது பார்க்கலாமா? உடனே சொல்ல வேண்டும்.

இது லேசான கேள்வி இல்லை. திருப்பினால், பழகிய பிரகாசமான ஒன்றிலிருந்து நிச்சயமாக ஒரு கட்டுரை தேறும். அந்தத் திரள் உச்சியைத் தாண்டிப் போய்விடும். காத்திருந்தால், மேகம் விலகாவிட்டால், அத்தனை வருஷம் கேட்டு வாங்கிய இரவு வெறும் சாம்பல்.

மாதேஸ்வரி சேலைத் தலைப்பை விடவில்லை. திரையைப் பார்த்தார். பிறகு, ஏனோ, தம்பியைப் பார்த்தார்.

"எனக்கு என்ன தெரியும்?" என்றான் பிரசாந்த். "நான் எங்கயும் போகல. நீ யோசிச்சுச் சொல்லு."

"காத்திருப்போம்," என்று பவுலாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அருமைக்காரரிடம் தமிழில், "நீங்க நடத்துங்க."

[இங்கே நான் எழுதியிருந்தது: *வானமும் பூமியும் ஒரே சேலையில் முடிந்தன.* அவர் அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, "எங்க சார்?" என்று எழுதித் தந்தார்.]

சீர் முடிந்தது. தாலி கட்டியாயிற்று. லேப்டாப்போடு மேல்மாடிக்கு ஓடினால் இணைப்பு அறுந்துகிடக்கிறது. கீழே வீடியோக்காரர் அதே வைஃபையில் துபாய் மாமாவுக்குக் கல்யாணத்தை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். கிருஷ்ணராஜ் போய் அதை நிறுத்தச் சொன்னார். துபாய் மாமா இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார். இணைப்பு திரும்பி வந்தபோது சின்னப் பெட்டிக்குள் பவுலா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மேகம் விலகியிருந்தது.

மாதேஸ்வரி கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். எதிர் வரிசையில் நான். மூன்று ஒப்பட்டு, நம் போளிதான், சாப்பிட்டார்.

6

ஒரு இரவில் வாங்கியதைப் பிரித்துப் புரிந்துகொள்ள மாதங்கள் ஆகும். எளிமையாகச் சொல்கிறேன். அவர் தேடியது சோடியம் பதிக்கிற ஒரு கறுப்புக் கோட்டை. நம் உப்பில் இருக்கிற அதே சோடியம்தான். திரளில் குளிர்ந்த வாயு இருந்தால், அதன் வெளிச்சத்தில் அந்தக் கோடு விழும். வாயு வெளியே ஊதப்பட்டுக்கொண்டிருந்தால் கோடு தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கும். வாயு தீர்ந்துபோயிருந்தால் கோடே இருக்காது. அவர் கட்டுரைப்படி, கோடு இருக்கக் கூடாது.

கோடு இருந்தது. ஆழமாக. நகரவும் இல்லை.

அதாவது வாயுவை யாரும் ஊதித் தள்ளவில்லை. அது தீரவும் இல்லை. அங்கேயே, ஏராளமாக, சும்மா இருந்தது. இரண்டு கட்சியும் தோற்றன.

தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்து மறுபடி போட்டார். பிறகு மதனிடம் கொடுத்துவிட்டு, அவர் முடிக்கிறவரை வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் பயந்ததாக ஒப்புக்கொண்டார். அந்தக் கட்டுரைதானே அவரை இங்கே கொண்டுவந்தது.

மதன் தலையை நீட்டினார். "கணக்குல ஒண்ணும் தப்பில்ல மேடம். நீங்கதான் தப்பு."

மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், பக்கத்து அறையிலிருந்தவர் எட்டிப் பார்க்கும்படி சிரித்தார்.

அந்த வாரக் கடைசியில் ஹனூர் போனபோது வீட்டில் சொன்னார். ஜடையன் தோட்டத்து மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, முழுதும் கேட்டார்.

"அப்ப நீ முந்தி எழுதுனது பொய்யா?"

"பொய் இல்லீங்ப்பா. தப்பு."

"வேலை போயிருமா?"

"போகாதுங்ப்பா. இனிமேத்தான் வேலையே."

ஜடையன் மகள் முகத்தைப் பார்த்தார். கல்யாணத்தன்று இருந்ததைவிட அது தெளிவாக இருந்ததாக அவருக்குப் பட்டது. "அப்பச் சரி," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கை கழுவப் போனார்.

7

முடிவு. நான் மூன்று வைத்திருந்தேன்.

(அ) தன் கொள்கை சரிந்த அன்று மாதேஸ்வரி கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுகிறார். படித்ததும், "நான் அழுகலீங்களே. அன்னைக்கு மதனும் நானும் கேன்டீன்ல மத்தூர் வடை சாப்பிட்டோம்" என்றார்.

(ஆ) புதிய கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு என்று ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு— "சார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

(இ) பரபரப்பில்லாமல், எதையும் உண்டாக்க வேண்டிய அவசியமில்லாமல், தன்னில் நிறைந்து கிடக்கும் அந்த வாயுவும், இந்தப் பெண்மணியும்... இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு நாள் உழைத்தேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துத் தந்தார்.

"அந்த வாயுவுக்கு மனசு கெடையாது சார். எனக்கு இருக்குது. நான் நல்லா இருக்கேன்னா அது என்ற சமாச்சாரம். அத ஏன் அது மேல கொண்டுபோய் ஏத்தறீங்க? அது ஏன் சும்மா இருக்குதுன்னுதான் எனக்குத் தெரியோணும்."

"ஏன் சும்மா இருக்கிறது?"

நான் மரியாதைக்குத்தான் கேட்டேன். அவர் என் காகிதத்தையே திரும்ப வாங்கி, பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார். வாயு மிக வேகமாகச் சுழல்வதால் கட்டியாக முடியாமல் இருக்கலாம். நடுவில் குவிந்த பழைய விண்மீன்களின் இழுப்பு அதைக் கலைத்துக்கொண்டே இருக்கலாம். கருந்துளை ஊதித் தள்ளாமல், ஆறவிடாமல் மட்டும் செய்யலாம். ஆனால் சோடியம் இருக்கிறதே, அப்படியானால் ஆறித்தானே இருக்கிறது? அங்கே நிறுத்தி, வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் போட்டார். கெரையின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நடக்க வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. என் மூன்றாவது முடிவு அவற்றின் பின்னால் காணாமல் போயிற்று.

"இதுல எது?" என்றேன்.

"நீங்க சொல்லுங்க," என்று பேனாவை நீட்டினார்.

விளையாட்டுக்கு நீட்டவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று உண்மையாகவே காத்திருந்தார். தெரியாது என்றேன். "எனக்கும்தான்," என்று சொல்லி, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஆகவே வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. பேனா இருக்கிறது, தருகிறேன். வாயு ஏராளமாக இருக்கிறது. குளிர்ந்துதான் இருக்கிறது. எங்கும் போகவில்லை. பிறகு ஏன் அதில் ஒரு விண்மீன்கூடப் பிறக்கவில்லை? கீழே இடம் விட்டிருக்கிறேன். தவறாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். அவர் எழுதியதும் தவறாகத்தான் போயிற்று. அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தார்.

ஏனென்றால்